கடல்மீன் தொட்டி: கண்ணில் படும் அறிகுறியும் கை வைக்க வேண்டிய இடமும்

2012-ல் என் மூன்றடித் தொட்டியைக் காலி செய்து மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்தேன். 2023 சித்திரையில், பாளையங்கோட்டை வீட்டு மாடியில் பழைய சாமான்களை ஒதுக்கும்போது, எட்டு வயது மகள் அதைத் தட்டிப் பார்த்து, "எப்பா, இதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். கடல் மீன் இருந்தது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் விடுவாளா?

பதினோரு வருடத்தில் எனக்கு மறந்தது பாதி. மறக்காமல் இருந்ததிலும் பல விஷயங்கள் தப்பு என்று இந்த இரண்டாம் சுற்றில்தான் தெரிந்தது. அதனால் இதைப் பாடம் மாதிரி எழுதாமல், தொட்டியின் முன்னால் நிற்கும்போது என்ன கண்ணில் படுகிறதோ அதை வைத்து எழுதுகிறேன். உங்களுக்கு எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போங்கள்.

ஆனால் எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று எண்களைப் பாருங்கள்: வெப்பநிலை, உப்பளவு, அம்மோனியா. வெப்பம் 25 முதல் 28 டிகிரி, உப்பு லிட்டருக்கு 35 கிராம், அம்மோனியா சுத்தமாக பூஜ்யம். மருந்து பாட்டிலைத் திறப்பது இதற்கெல்லாம் பிறகு. ஒரு நாளில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றை ஒரே மாலையில் மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. எங்கள் வீட்டில் எண்களை நோட்டில் எழுதுவது மகளின் வேலை. சோதனைக் குழாயை வண்ண அட்டையோடு வைத்துப் பார்ப்பதில் அவள் கண்ணுக்கு முன் என் கண் நிற்காது. நான் "மஞ்சள்தான்" என்று குழாயைக் கழுவப் போனபோது, "இல்லப்பா, லேசா பச்சை அடிக்கு" என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

பழைய தொட்டியின் மூலையில் ஈரம்

பழைய தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் வாசலில் வைத்து, சாதாரணத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விடுங்கள். நான்கு மூலைக்கும் அடியில் ஒவ்வொரு துண்டு செய்தித்தாள். எந்தத் தாள் நனைகிறதோ அந்த மூலை. எங்களுடையதில் இரண்டு தாள் நனைந்தது.

மாடி வெயிலில் கிடந்த சிலிக்கான் நகத்தால் கீறினால் உதிரும். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. ஒட்டுப்போட நினைக்காமல் உள்பக்கத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். குளியலறைக்கு என்று விற்கும் பூஞ்சைக்கொல்லி கலந்த சிலிக்கான் ஆகாது. புளித்த காடி வாசம் முழுக்கப் போகும்வரை, ஒரு வாரமாவது, காயவிட வேண்டும். மூன்றடிக்கு ஒன்றரை, ஒன்றரை என்றால் சுமார் 190 லிட்டர். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஸ்டாண்டில் ஏற்றினால் ஒட்டிய மூலையே மறுபடி விடும்.

உப்பு கரைத்த தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது

உப்பைப் போட்டுவிட்டு அதன்மேல் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். அடியில் தண்ணீர் குறைவாக, உப்பு மிகையாக இருக்கும் அந்தச் சில நிமிடத்தில் கால்சியம் கார்பனேட் வெளுப்பாகப் பிரிந்துவிடும். தண்ணீர் முதலில், மோட்டார் ஓட வேண்டும், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். ஒரு நாள் ஓடியும் தெளியாவிட்டால் அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பழைய வாளியில் கட்டிதட்டிக் கிடந்த உப்பிலும் இதே கதைதான் நடக்கும். நான் அதைச் சுத்தியலால் உடைத்துக் கரைத்தேன். அந்தக் கஞ்சத்தனத்துக்கு இரண்டு நாள் போனது.

இங்கே மகள் கேட்ட கேள்வியைச் சொல்லியாக வேண்டும். "தூத்துக்குடி உப்பும் கடல்ல இருந்துதானே வருது? பொறவு எதுக்கு இவ்வளவு துட்டு குடுத்து வேற உப்பு வாங்குதிய?" நியாயமான கேள்வி. அடுத்த முறை தூத்துக்குடி போனபோது உப்பளத்து வரப்பில் வண்டியை நிறுத்திக் காட்டினேன். கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்தும் அடுத்து ஜிப்சமும் படிந்துவிடும். அப்புறம்தான் நாம் குழம்பில் போடும் உப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை படியாமல் கசப்பு நீரிலேயே தங்கி, அந்த நீரோடு வெளியேறிவிடும். ஆக, கல்லுப்பு என்பது கடலில் பாதியை வடித்துவிட்டு எடுத்த மீதி. அதைக் கரைத்தால் உப்புக் கரிக்கும், கடல் ஆகாது. அயோடின் கலந்த தூள் உப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, கடலே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது நேரே தண்ணீர் எடுத்தால் என்ன? எடுக்கலாம். நான் உவரியில் எடுக்கிறேன். கரையோர நுரையில் இல்லை. போட்டில் போகும் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் ஆழத்திலிருந்து கேனில் பிடித்துத் தருகிறார். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும், கடல் பச்சையாகக் கலங்கிக் கிடக்கும் நாட்களிலும், தாமிரபரணி போய்ச் சேரும் புன்னைக்காயல் பக்கத்திலும் எடுக்க வேண்டாம். கொண்டுவந்த நீரைத் துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் வெளிச்சம் படாமல், மோட்டார் சுற்ற இரண்டு வாரம் வைத்துவிட்டு, உப்பளவு பார்த்துப் பயன்படுத்துங்கள்.

உப்பளவு நாளுக்கு ஒரு எண் காட்டுகிறது

முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலும் எண் ஏறிவிடும். ஒரு துளி நீரை வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. ஆனால் அதை வெறும் ஆர்.ஓ நீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், 35 என்று குறித்து விற்கும் கரைசலில் சரிசெய்ய வேண்டும்.

கருவி சரி என்றால், காற்று. ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றும், தொட்டிமேல் ஓடும் விசிறியும் சேர்ந்தால் நாளைக்கு மூன்று லிட்டர் போய்விடும். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே இருக்கிறது. கல், மணல் போக 150 லிட்டர் இருக்கும் தொட்டியில் ஐந்து நாள் கவனிக்காவிட்டால் 35 இருந்தது 39-க்குப் பக்கம் வரும். குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோடுவரை ஊற்றுவது என்று மகளிடம் ஒப்படைத்தேன். ஒரு செம்பு, ஒரு கோடு. இதைவிட எளிய தானியங்கி நான் பார்த்ததில்லை.

மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்து காரணம் மாறும்.

மதியம் இரண்டு மணிக்கு என்றால் வெப்பம். வெளியே 39 டிகிரி அடிக்கும் நாளில் தொட்டி 32-ஐத் தாண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், மீனுக்கோ கூடுதலாகத் தேவைப்படும். மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பில் படும்படி சின்ன விசிறி ஓடட்டும். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம் ஊர் காய்ந்த காற்றில் இது நன்றாகவே வேலை செய்கிறது, தூத்துக்குடிப் புழுக்கத்தில் அவ்வளவு எடுபடாது. அவசரத்துக்கு, நல்ல தண்ணீர் உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடுங்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து பாட்டிலைப் போட்டுச் சட்டென்று குளிரவைத்தால் அதுவும் மீனுக்கு அடிதான்.

மின்சாரம் போன பிறகு என்றால் ஓட்டம் நின்றதுதான் காரணம். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஏர் பம்பின் பேட்டரி முதல் இரவோடு தீர்ந்தது. கடை ஏது, தெரு ஏது? அரை மணிக்கு ஒருமுறை செம்பால் தொட்டி நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினோம். நான், மனைவி, மகள் மூவரும் முறைவைத்து. தீனி நிறுத்தம். இரண்டு கோமாளி மீனும் பிழைத்தன.

தொட்டி தொடங்கி முதல் ஆறு வாரத்துக்குள் என்றால் அம்மோனியா. கழிவை மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீனை விடச் சொல்லிக் குழந்தை நச்சரிக்கும், கடைக்காரரும் தலையாட்டுவார். கடல் நீரின் பி.எச் 8-க்கு மேல், பி.எச் ஒரு புள்ளி ஏறினால் நச்சான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும். அதனால் நன்னீர்த் தொட்டியில் தப்பித்த அளவு இங்கே கொல்லும். நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள், புது மீன் வேண்டாம்.

பழகிய தொட்டியில் திடீரென அம்மோனியா வந்தால், யாரோ கூடுதலாகத் தீனி போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஆச்சி. "வாயத் தொறந்து தொறந்து மூடுது, பசிக்குதுபோல" என்று இட்லியைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். திட்ட முடியுமா? மருந்துக்கடையில் கிடைக்கும் ஏழு அறை மாத்திரை டப்பா ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மகள் ஏழு அறையிலும் அந்தந்த நாள் தீனியை நிரப்புகிறாள். இன்றைய அறை காலி என்றால் மீன் சாப்பிட்டாயிற்று. இப்போது ஆச்சிதான் டப்பாவுக்குக் காவல்.

மாலை விளக்கு வைத்த பிறகு என்றால் கொசு மருந்து. நான் ஒரு வாரம் குழம்பிய இடம் இது. காலையில் எல்லா எண்ணும் சரி, இரவில் இறால் துள்ளித் துள்ளி மல்லாந்து விழுகிறது. கொசுவத்திச் சுருளிலும் பிளக்கில் செருகும் திரவத்திலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்துகள்; மனிதருக்குச் சாதாரணம், மீனுக்கும் இறாலுக்கும் கொடிது. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது! அந்த அறையில் இப்போது கொசு மட்டை மட்டும். ஏற்கெனவே பட்டுவிட்டால் தண்ணீரில் கால்பங்கை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

மீன் நன்றாக இருக்கிறது, இறால் மட்டும் சாகிறது

கொசு மருந்து இல்லை என்றால் செம்பு என்ற உலோகம். பழைய ஆட்களுக்கு மட்டும் வரும் வினை இது. அந்தக் காலத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் தொட்டிக்குள்ளேயே மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை விடுவோம். சுண்ணாம்புக் கல்லும் மணலும் அந்தச் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பல வருடம் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மீன் தாங்கும், இறாலும் துறவி நண்டும் தாங்காது. நான் ஆசையாய்ச் சாக்கில் கட்டி வைத்திருந்த பழைய கற்கள் இப்போது செம்பருத்திச் செடிக்கு வரப்பாக இருக்கின்றன. செம்புக்கான சோதனைக் கிட்டில் பூஜ்யம் பார்த்த பிறகே அடுத்த இறாலை வாங்கினோம்.

கண்ணாடியில் பழுப்பு, மணலில் சிவப்பு, கல்லில் பச்சை

பழுப்புத் தூசி புதுத் தொட்டியில் வரும், சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போகும். துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

சிவப்பு, பாலாடைபோல் ஒரே படலமாக உரிந்துவந்தால் அது பாசி இல்லை, சயனோபாக்டீரியா. ஓட்டம் படாத மூலையில் வரும். குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், ஓட்டம் தரும் சின்ன மோட்டாரை (பவர்ஹெட்) அந்தப் பக்கம் திருப்புங்கள், தீனியைக் குறையுங்கள். ஆன்டிபயாடிக் போடச் சொல்வார்கள். அது உழைக்கும் பாக்டீரியாவையும் பதம் பார்க்கும் என்பதால் நான் போடுவதில்லை.

பச்சை முடி என்றால் நைட்ரேட், பாஸ்பேட். தண்ணீரைப் பாருங்கள். வீட்டு ஆர்.ஓ மெஷினில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும், அதனால்தான் டி.டி.எஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 80, 100 என்று காட்டும். அதை முழுக்க மூடி, பின்னால், மீதி உப்பையும் உறிஞ்சும் ஒரு டி.ஐ குடுவை மாட்டினால் பூஜ்யத்துக்கு வரும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றுவதாக இருந்தால் குளோரினைப் போக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போடாமல் ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மீன்மேல் வெள்ளைப் புள்ளி

கிட்டே போய்ப் பாருங்கள். ரவை தூவியதுபோல் தனித்தனிப் புள்ளி, மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கிறது என்றால் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. நேரம் இருக்கிறது. விபூதி பூசியதுபோல் மெல்லிய பொடி, மீன் ஓட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து வேகவேகமாக மூச்சு வாங்குகிறது என்றால் வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். நேரம் இல்லை, அன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்றி, செம்பு மருந்தைத் தொடங்க வேண்டும்.

முதலாவதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புள்ளி மூன்று முதல் ஏழு நாளில் தானே மறைந்துவிடும். நீங்கள் அந்த வாரம் போட்ட பூண்டுச் சாறோ, ஆச்சி சொன்ன மஞ்சள்தூளோ குணப்படுத்தியது என்று நினைப்பீர்கள். குணமாகவில்லை. ஒட்டுண்ணி கொழுத்து உதிர்ந்து, மணலில் முட்டைக்கூடுபோல் ஒட்டிக்கொண்டு, அதற்குள் நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே வரும். இரண்டாம் முறை வரும்போது புள்ளிகளை எண்ண முடியாது.

எனவே வைத்தியம் மீனுக்குத் தனி, தொட்டிக்குத் தனி. மீனை வெளியே எடுத்துப் பிளாஸ்டிக் டப்பில் விடுங்கள். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி குழாய்த் துண்டு, ஏர் பம்ப், வேறு எதுவும் வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை புது நீருள்ள அடுத்த டப்புக்கு மாற்றுங்கள், நான்கு முறை. உதிர்ந்தது பெருகுவதற்குள் மீன் இடம் மாறிவிடும். காலி செய்த டப்பை வெயிலில் கொதிக்கக் காயவையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இப்படியும் ஓர் உபயோகம். பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விட வேண்டும். இறால், நண்டு அங்கேயே இருக்கலாம்.

76 நாள் குழந்தைக்கு ஒரு யுகம். மகள் காலண்டரில் தினம் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தாள். இருபதாவது நாள்வாக்கில், மீன் இல்லாத தொட்டியில் டார்ச் அடித்துப் பார்க்கப் பழகினாள். கல்லிடுக்கில் இருந்த முள்புழு, கண்ணாடியில் ஊரும் அரிசிமணி அளவு நத்தை எல்லாவற்றையும் அப்போதுதான் கண்டுபிடித்தாள். மீன் இருந்தவரை நானும் அவற்றைப் பார்த்ததில்லை.

புது மீனைக் கடையிலிருந்து நேரே தொட்டியில் விடாமல், முதலில் டப்பில் நான்கு வாரம் வைத்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.

ஸ்கிம்மர் நுரைக்கவில்லை, அல்லது நுரை வழிகிறது

ஸ்கிம்மர் என்பது காற்றுக் குமிழியால் கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி. நுரை இல்லை: காற்றுக் குழாயின் வாயில் உப்பு அடைத்திருக்கும், வெந்நீரில் கழுவுங்கள். புது ஸ்கிம்மர் என்றால் ஒரு வாரம் பொறுங்கள். வழிகிறது: யாரோ சோப்புக் கையை விட்டிருக்கிறார்கள்.

தண்ணீரில் கை வைத்தால் சுரீர் என்கிறது

கையை எடுங்கள், மெயினை அணையுங்கள், பிறகு மேலே படியுங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பழைய பவர்ஹெட்டின் ஒயர் தோல் வெடித்திருக்கும். ஒட்டுப் போடாமல் தூக்கி எறியுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் தொங்கலில் சொட்டும். குழந்தை கை வைக்கும் தொட்டிக்கு எர்த் உள்ள பிளக்கும், மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் கட்டாயம். மற்ற எதில் வேண்டுமானாலும் கஞ்சத்தனம் பண்ணுங்கள்.

மின்சாரம் போய் வந்ததும் தரையெல்லாம் ஈரம் என்றால் அது வேறு. மோட்டார் நின்றதும் தொட்டி நீர், மேலே ஏறிய அதே குழாய் வழியே கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டிக்கு (சம்பு) இறங்கி வழிந்திருக்கிறது. குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து ஓட்டம் அறுபடும்.

கடற்கரையில் பொறுக்கியது எதையோ குழந்தை உள்ளே போட்டுவிட்டது

வெறும் சிப்பி என்றால் கழுவிவிட்டுப் போடலாம். உள்ளே உயிர் இருக்கும் கூம்பு வடிவச் சங்கைத் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். கூம்புச் சங்கு விஷ ஊசியால் குத்தும், சில வகை மனிதரையே கொன்றிருக்கிறது. பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவை. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைத்த பவளக் கல்லை இன்று யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். செராமிக் கல்லில் பாக்டீரியா அதேபோல் குடியிருக்கும்.

இரவில் கோமாளி மீன் ஒருக்களித்து மிதக்கிறது

"எப்பா, மீனு சாஞ்சு கெடக்கு" என்று பதினொரு மணிக்கு எழுப்பினாள். போய்ப் பார்த்தேன். மேல் மூலையில், பாதி சாய்ந்து, வாலை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. செவுள் சீராக அசைந்தது. மூன்று எண்ணும் பார்த்தோம், எல்லாம் சரி. கோமாளி மீன் தூங்குவது அப்படித்தான். டார்ச்சை அணைத்துவிட்டு நீங்களும் போய்ப் படுங்கள்.